குடைப் படம் ஒட்டிய பொந்து

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளிக்குப் புது அலமாரி வாங்கியபோது, கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தவள் நான்தான். கதவு வைத்ததை எல்லாம் ஒதுக்கினேன். கதவை மூடிவிட்டால் மூன்று வயதுப் பிள்ளைக்கு உள்ளே தன் பை இருப்பதே மறந்துபோகும். குட்டையாக, முனை மழுங்கலாக, சதுரம் சதுரமாய்த் திறந்த அறைகளோடு இருக்க வேண்டும். அந்த அறைகளைப் பிள்ளைகளும் நானும் பொந்து என்போம். அவர்களுக்கு எழுத்து தெரியாது என்பதால் ஒவ்வொரு பொந்திலும் ஒரு படம் ஒட்டுவோம்: பஸ், மாம்பழம், பூனை. அடுத்தவர் பொந்துக்குள் கேட்காமல் கையை நீட்டக் கூடாது. நான் புருவத்தைத் தூக்கினாலே போதும், நீண்ட கை பின்னால் போய்விடும்.

நான்கே பொந்து இருந்த பழைய அலமாரியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஒக்கலிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி வந்தபோது எனக்கு ஒரே ஆசைதான். அதில் ஒரு பொந்து எனக்கு வேண்டும். கல்யாணமாகி வந்த நாளாக அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. என் கைப்பை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கும். மூக்குக்கண்ணாடி அரிசி டிரம் மேல் கிடக்கும்.

அலமாரியை இறக்கிவைத்ததும் முதல் பொந்தில் கணவர் சாமி படத்தை வைத்துவிட்டார். சாமியிடம் சண்டைக்குப் போக முடியுமா? ஒன்றை மகள் பிடித்துக்கொண்டாள். சார்ஜர், ஸ்க்ரூடிரைவர், டேப் எல்லாம் கணவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட பொந்துக்குப் போயின. நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் எனக்கென்று மிஞ்சிய பொந்தில் பிளாஸ்டிக் கவர்களைத் திணித்த ஒரு பிளாஸ்டிக் கவரும், எப்போதோ முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகைகளும்!

"காலியாத்தானே இருந்துது?" என்றார் கணவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் பள்ளியிலிருந்து படங்களைக் கொண்டுவந்தேன். அவர் லாரியை எடுத்தார், மகள் பூனையை. எனக்குக் குடை. இருவரையும் தரையில் உட்காரவைத்துப் பள்ளிச் சட்டத்தைச் சொல்லவைத்தேன். மகள் சிரித்து உருண்டாள். ஆனாலும் அடுத்த நாள் காலையிலேயே என் பொந்தில் ஹெல்மெட்.

"லாரி, குடையைக் கேட்டீங்களா?" என்றேன் வகுப்புக் குரலில்.

பிள்ளைகள் உயரத்துக்குச் செய்த அலமாரி. ஆறடி மனிதர் முனகிக்கொண்டே குந்தி உட்கார்ந்து ஹெல்மெட்டை வெளியே எடுத்தார்.

இத்தனை போராடி வாங்கிய இடத்தில் என்ன வைப்பது? கைப்பையைக் கொண்டுபோனேன், மனசு வரவில்லை. வேலை முடிந்து வந்ததும் அந்தக் காலி இடத்தைப் பார்ப்பதே அவ்வளவு சுகமாக இருந்தது. எங்கள் வீட்டில் காலியாக இருந்தது அது ஒன்றுதான், அதுவும் என்னுடையது. பை பழையபடி ஃபிரிட்ஜிலேயே தொங்கியது.

ஒரு மாலை பக்கத்து வீட்டு அக்கா வந்தார். நான் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த காய்ப் பையோடு அவர் நேராகக் குடைப் பொந்தை நோக்கிக் குனிவது வாசல் வழியாகத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கணவரின் குரல் கேட்டது.

"அக்கா, அங்க வேணாம். அது அவளோடது."

"உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா. சும்னே காலியா இருக்குது."

"ஒண்ணும் இல்லதான். ஆனா அவளோடது."

"ஒரு பை வெச்சா இன்னா ஆயிடும்?"

"அவளைக் கேட்டுட்டு வைங்க."

சந்தோஷத்தில் தோசையைத் திருப்ப மறந்துபோனேன். ஒரு பக்கம் கருகிய அந்தத் தோசையை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.