சோப்பு தீர்ந்தால்தான் அடுத்த பல்

பல் டாக்டர் ஆவதற்குத் தலை அவ்வளவாகத் தேவையில்லை, கை இருந்தால் போதும் என்று நான் மனதார நம்பியிருந்தேன். சின்ன வயதில் நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். இருபது வயதில், மீசை முளைத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவமும் முடித்த பிறகு நம்பினேன்.

என் கணக்கு சுலபமானது. முழு டாக்டர் ஆக வேண்டுமானால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை படித்தாக வேண்டும். குடல் ஒன்றே இருபது அடிக்கு மேல் நீளமாம். பல்லோ மொத்தம் முப்பத்திரண்டு. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல. ஆக, எட்டுப் பல்லைப் படித்தால் பட்டம். இந்தக் கண்டுபிடிப்பை அப்பாவிடம் சொன்னேன். அவர் ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் எங்கள் வீடு. "எட்டுத்தானா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, விண்ணப்பப் பாரம் வாங்கப் புறப்பட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் புத்தி தகப்பன் வழி வருவது.

இது எண்பதுகளின் நடுவில். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு இந்தியா இருந்தது. தென்னிந்தியாவில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி, வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நுழைவுத் தேர்வு நடத்தும். காலையில் பௌதிகம், ரசாயனம், உயிரியல். மத்தியானம் சோப்பு.

சோப்பு என்றால் குளிக்கிற சோப்பேதான். ஆளுக்கொரு வெள்ளைக் கட்டியும் ஒரு படமும் கொடுத்து, படத்தில் உள்ளபடி செதுக்கச் சொல்வார்கள். ஒரு முனை கூம்பு, மறுமுனை முக்கோணம், நடுவில் உருளை. கத்தியும் அடிக்கோலும் நாமே கொண்டுபோக வேண்டும். நாளைக்கு அடுத்தவன் வாய்க்குள் போகப்போகிற கை எப்படிப்பட்ட கை என்று பார்ப்பதற்கான சோதனை.

முதல் வருஷம் என் சோப்பின் முக்கோண முனை உடைந்து மேசைக்கடியில் விழுந்தது. குனிந்து எடுத்து, எச்சில் தொட்டு ஒட்டிவைத்தேன். மேற்பார்வைக்கு வந்த பெண்மணி என் பக்கத்தில் நின்றார். சோப்பைப் பார்த்தார், என் நாக்கைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து ஒரு வரிக் கடிதம் வந்தது. வருந்துகிறார்களாம். எதற்காக வருந்துகிறார்கள் என்று எழுதவில்லை. காரணம் போடாத கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும்.

"காலைல பேப்பர் எப்படி செஞ்சே?" என்றார் அப்பா.

"நல்லாத்தான்ப்பா."

"எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டியா?"

"ஒண்ணுகூட விடலப்பா."

பொய்யில்லை. நான்கு கட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்குகிற தேர்வு அது. பென்சில் இருக்கிறவரை எவனும் விடாமல் செய்யலாம்.

"அப்போ சோப்புத்தான்லா," என்று அப்பா கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். அம்மா ஆமோதித்தாள். நான் எல்லாருக்கும் முன்னால் ஆமோதித்தேன். ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த என் தங்கச்சி மட்டும், "அண்ணே, பௌதிகத்துல ஒளிவிலகல் வந்துச்சா? என்ன போட்டே?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை, பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவளை அடக்கினோம்.

ஆக, இன்னொரு வருஷம். அதுதான் கடைசித் தடவை. தவறினால் கிள்ளான் மாமா கையில் என்னை ஒப்படைத்துவிடுவது என்று முடிவாயிற்று. மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தார். அங்கே குமாஸ்தா வேலை ஒன்று அடுத்த வருஷம் காலியாகப்போகிறது, என் தேர்வு முடிவு வரும்வரை அது வேறு யாருக்கும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தார். நல்ல வேலைதான். ஆனால் அப்பாவின் வலது நடுவிரலில், முப்பது வருஷம் பேனா அழுத்தி அழுத்தி, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. சோறு பிசையும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். அதே விரலில் எனக்கும் அது முளைக்கும் என்று என் விரலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். நான் டாக்டருக்கு ஆசைப்பட்டதெல்லாம் அந்தக் காய்ப்புக்குப் பயந்துதான்.

மறுநாளே சோப்போடு உட்கார்ந்தேன். முதல் கட்டியை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு இரண்டாவதுக்குக் கை நீட்டியபோது அம்மா சட்டம் போட்டாள்.

"சோப்பு என்ன மரத்துலயா காய்க்குது? செதுக்கினதைத் தேய்ச்சுத் தீர்த்துடு. தீர்ந்தாத்தான் அடுத்தது."

"அம்மா, இது படிப்பு."

"படிப்புதான். நுரை வருதுல்ல? குளி."

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு சோப்புக் கட்டி பத்து நாள் வரும். அந்த வேகத்தில் போனால் மாதத்துக்கு மூன்று கட்டிதான் தேறும். அதனால் சோப்பைத் தீர்ப்பது என் முழுநேர வேலையாயிற்று. தினம் மூன்று தடவை குளித்தேன். வீட்டுத் துணி முழுவதையும் நானே துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தேன். அப்பாவின் சைக்கிளைக் குளிப்பாட்டினேன். பக்கத்து வீட்டு அங்கிள் காரை வாரத்துக்கு இரண்டு தடவை கழுவினேன். "பெயிலாப் போனாலும் உங்க பையனுக்கு எவ்வளவு பணிவு!" என்று அவர் அம்மாவிடம் கண்கலங்கினாராம்.

முக்குச் சந்து மளிகைக்கடை பாய் ஒரு நாள் தாங்காமல் கேட்டார்.

"தம்பி, வாரத்துக்கு நாலு கட்டி வாங்குறீங்க. வீட்ல ஏதும் விசேஷமா?"

"இல்ல பாய், பரீட்சை."

பாய் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்தார். "நல்லது தம்பி. சுத்தமாப் போய் எழுதுங்க."

கூம்பும் உருளையும் சீக்கிரமே கைவந்துவிட்டன. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பேராசை. கூம்பை எவனும் செதுக்குவான், பல்லையே செதுக்குகிறவனை எந்தக் கல்லூரி விடும் என்று நூல்நிலையத்திலிருந்து படம் பார்த்து வரைந்துவந்து பல்லுக்கு மாறினேன். வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் வேரோடு. எங்கள் குளியலறை மாடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு பல் ஈரமாக உட்கார்ந்திருக்கும். வேர்ப்பக்கம் கைக்குப் பிடிமானமாக இருக்கிறது என்று அப்பாகூடப் பாராட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் மாமா வந்தார். வெயிலுக்கு ஒரு குளியல் போடலாம் என்று உள்ளே போனவர் ஒரே நிமிஷத்தில் குரல் கொடுத்தார்.

"அக்கா! இங்க ஒரு பல்லு கிடக்கு!"

"அது சோப்புடா!"

"சோப்பா? ரெண்டு வேர் இருக்கே!"

"ஒடைச்சிடாதே, இன்னும் தீரல!"

குளித்துவிட்டு வந்து துண்டோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏன் மாப்பிளே, மனுஷன் பல்லைத் தேய்ப்பான். நீ பல்லால மனுஷனைத் தேய்க்க வெச்சிட்டியேப்பா!"

"பரீட்சைக்கு மாமா."

"போர்ட்டுக்கு வந்துடு. மேசை இருக்கு, காத்தாடி இருக்கு. எவன் வாயையும் மோந்து பாக்க வேணாம்."

அவர் போன பிறகு பயம் இரண்டு மடங்காயிற்று. கை நடுங்கக் கூடாதே என்று கோப்பியை விட்டேன். விரல் காய்த்துப் போகக் கூடாதே என்று பேட்மிண்டனை விட்டேன். மிளகாய்க் காரம் பட்டால் தோல் மரத்துவிடும் என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு ரசம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். சந்தைக்குப் போனால் பாசார் பை தூக்க மாட்டேன், தேங்காய் துருவ மாட்டேன். வெறுங்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் நடமாடுவேன்.

"கையில என்ன, அம்மை போட்டிருக்கா?" என்பாள் அம்மா.

கையைக் காப்பாற்றியாயிற்று. பாடம்? இரண்டு கையிலும் சோப்பு இருக்கும்போது புத்தகத்தை எதால் புரட்டுவது? அதற்குத்தான் தங்கச்சி இருந்தாளே. அவள் ஆறாம் படிவம் முடித்து வீட்டில் சும்மா இருந்தாள். அதாவது சமைத்து, பெருக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். தினமும் சாயங்காலம் எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு என் குறிப்புகளைச் சத்தமாகப் படிப்பாள். நான் செதுக்கிக்கொண்டே "ம்" போடுவேன்.

"அண்ணே, இப்ப நான் என்ன படிச்சேன்?"

"குவியம்."

"அது நேத்து. இன்னிக்கு ரசாயனம்."

"நீ படி, எனக்கு உள்ளே ஏறுது."

"உள்ளே எங்க ஏறுதுன்னு தெரியலயே," என்று முணுமுணுத்துவிட்டு, எனக்காக அதே பக்கத்தை மறுபடி படிப்பாள். சில பக்கங்களை மூன்று தடவை படித்தாள். சமன்பாடுகளை நான் கேட்கவில்லை என்று தெரிந்ததும் தானே ஒரு தாளில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். பொழுதுபோக வேண்டுமே, பாவம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறு வருஷப் பாரம் வந்தபோது அப்பா இரண்டாக வாங்கிவந்தார்.

"இன்னொண்ணு யாருக்கு?" என்றாள் அம்மா.

"பாப்பாவுக்கு. ஒரே பஸ், ஒரே மண்டபம். இவனுக்குத் துணையா இருக்கும்."

"ஐயோ அப்பா, நான் கத்தியே பிடிச்சதில்லையே," என்றாள் தங்கச்சி. காய்கறிக் கத்தியை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் பெருந்தன்மையாக, பரீட்சைக்கு முந்தின நாள் பத்து நிமிஷம் ஒதுக்கி அவளுக்குச் செதுக்கும் கலையைக் கற்றுக்கொடுத்தேன். பாதி தேய்ந்த ஒரு சோப்பில்தான். புதுசை வீணாக்க அம்மா விடவில்லை.

பரீட்சையன்று பெட்டாலிங் ஜெயா பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவிட்டு, என் கையை யாரும் இடித்துவிடாமல் மடியில் கைக்குட்டைக்குள் சுற்றிவைத்துக்கொண்டேன். தாலி கட்டப் போகிற மாப்பிள்ளைகூடக் கையை அப்படிப் பொத்திக்கொண்டு போயிருக்க மாட்டான்.

காலைத் தேர்வில் பௌதிகத் தாளைப் பிரித்தேன். முதல் கேள்வியே லென்ஸ். ஆஹா, இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதே என்று கண்ணை மூடினேன். ஞாபகம் வந்தது. அவள் லென்ஸ் படித்த அந்தச் சாயங்காலம் நான் செதுக்கிய கீழ்க் கடைவாய்ப்பல், அதன் இரண்டு வேர்கள், இடது வேரில் விழுந்த சின்னக் கீறல், எல்லாம் துல்லியமாக வந்தன. லென்ஸ் வரவில்லை. அடுத்த கேள்வி மின்தடை. அதற்குக் கோரைப்பல் வந்தது. தாள் முழுக்க இப்படியே எனக்கு ஒரு வாய் திறந்தது. வழக்கம்போல ஒரு கட்டமும் விடாமல் கறுப்பாக்கினேன். போகட்டும், மத்தியானம் இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மத்தியானம் நான் ராஜா. அரை நேரத்துக்குள் முடித்துவிட்டேன். கூம்பு ஊசி மாதிரி, முக்கோணம் கண்ணாடி மாதிரி. மீதி நேரத்தில் கட்டை விரலால் மெருகு ஏற்றிவிட்டு, சுற்றியிருந்த பாமரர்களை இரக்கத்தோடு பார்த்தேன். ஒருவன் விரலை வெட்டிக்கொண்டு பிளாஸ்டர் கேட்டான். இரண்டு வரிசை தள்ளித் தங்கச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ சீவிக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்காரர் வந்து என் சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தாளில் ஒரு சரி போட்டார். தங்கச்சியிடம் போனார். அவளுடைய சோப்பையும் திருப்பிப் பார்த்தார். அதற்கும் ஒரு சரி.

"உன் கூம்பு எப்படி வந்துச்சு?" என்றேன் பஸ்ஸில்.

"கோணலாத்தான் இருந்துச்சு. ஆனா முடிச்சிட்டேன்."

"காலைல?"

"பரவால்லண்ணே. எல்லாம் நாம படிச்சதுதானே?"

அந்த 'நாம'வில் அவள் என்னையும் சேர்த்தது அவளுடைய நல்ல மனசு.

முடிவு வந்த அன்று இரண்டு உறைகள். இந்த முறை மதிப்பெண் சீட்டும் வைத்திருந்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். செதுக்கல் என்ற வரிக்கு நேரே எங்கள் இருவருக்கும் ஒரே சொல்: தேர்ச்சி. அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. முடித்துக் கொடுத்தவன் தேறினான், முடிக்காதவன் தேறவில்லை, அவ்வளவுதான்.

அப்பா அதோடு விடவில்லை. அரசாங்க ஊழியர் அல்லவா? முந்தின வருஷத்து முடிவையும் தெரிவிக்கும்படி கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, நகல் ஒன்றைக் கோப்பிலும் வைத்தார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. முந்தின வருஷமும் நான் செதுக்கலில் தேறியிருந்தேன், எச்சில் ஒட்டுப் போட்ட அந்தச் சோப்போடு. பௌதிகத்திலும் ரசாயனத்திலும் தேறவில்லை. இரண்டு வருஷமும் அதேதான்.

தங்கச்சிக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய பயணத்துக்குத் துணிமணி வாங்க அம்மா அலைந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, நான் கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்தேன்.