மச்சானைத் தேடிய நாட்கள்

விமானம் கடலில் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து, சிலிபினில் இருந்த அக்கா வீடு இன்ன வீடு என்று சொல்ல முடியாமல் போயிற்று. அதில் போனவர் அக்காவின் கணவர், என் மச்சான். சாவு வீடு என்றும் சொல்ல முடியாது, சும்மா வீடு என்றும் சொல்ல முடியாது. தேடுகிறார்கள், தேடுகிறார்கள் என்று தொலைக்காட்சி ஓதிக்கொண்டே இருந்தது. அக்காவின் மாமியார் காலையில் எழுந்ததும் அவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அவள் அழுதால், "என் மவன் வருவான், எதுக்கு இப்ப ஒப்பாரி?" என்பார். அழாவிட்டால் அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்க்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்காகவே சொன்னது போல இருந்தது.

அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. லூமுட் துறைமுகத்துக்குப் போய் ஒரு சீன மீனவரைக் கெஞ்சி அவர் படகில் ஏறிக்கொண்டேன். அரசாங்கக் கப்பல்கள் தேடும் இடத்துக்குள் எங்களை விடவில்லை. ஓரமாகவே சுற்றினோம். வெள்ளையாக எதுவோ மிதந்தது. நான் கத்தினேன், அவர் படகைத் திருப்பினார். கொக்கி போட்டு இழுத்தால், மீன் வைக்கிற ஐஸ் பெட்டி.

"சபார் லா, தம்பி," என்றார் அவர். பொறுமையாம்! எனக்கு எரிச்சலாக வந்தது. விமானத்தின் ஒரு துண்டாவது கிடைத்தால் கருமாதி செய்து அக்காவை விடுவிக்கலாம் என்று ஒரு மனம். எதுவுமே கிடைக்கக்கூடாது முருகா என்று இன்னொரு மனம். ஒரே வாயால் இரண்டையும் கேட்டால் அவன்தான் என்ன செய்வான்?

கடைசியில் தேடலை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று மாலை சொந்தக்காரர்கள் வந்து அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"நிறுத்திட்டா செத்துட்டான்னு அர்த்தமா?" என்று மாமியார் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார்.

எங்கள் பெரியம்மா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாசலைத் தாண்டினார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. அது ஊறிப்போன பழக்கம், அவர் யோசித்துச் செய்திருக்கமாட்டார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடினாள். வெளிக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"பெரியம்மா! வாரேன்னு சொல்லிட்டுப் போங்க! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்!"

பெரியம்மா நின்று திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினார்.