வியாழக்கிழமை எப்போது தொடங்குகிறது

1. இரண்டாம் பக்கம்

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணி. எங்கள் தம்பானூர் டிராவல் ஏஜென்சி அலுவலகத்தில் எலி என்ற பெரியவர் தன் பயணத்திட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்து நான்கு. லண்டனில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், யூதர். மனைவி ஹன்னாவுடன் கோவளத்தில் மூன்று வாரம் ஆயுர்வேத சிகிச்சையில் இருந்தார். வியாழன் அதிகாலை விமானத்தில் இருவரும் கென்யா போக வேண்டும். டிக்கெட், ஓட்டல், கார் எல்லாம் தயார்.

அவர் இரண்டாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தார்.

அவர் பேசியது ஆங்கிலம். நம் பேச்சில் எழுதுகிறேன். "நாங்க அங்க போய் இறங்குறப்போ எங்கப்பாவோட நாள் முடியப் போகுதே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கேட்டது வியாழன். தாளில் இருந்ததும் வியாழன். இறங்கும் நேரம் பகல் இரண்டு நாற்பது.

"இன்னும் தொடங்கவே இல்லையே சார்" என்றேன்.

"புதன்கிழமை சூரியன் மறைஞ்சதுமே தொடங்கிடும். வியாழன் மறைஞ்சா முடிஞ்சுபோகும்."

ஹன்னா என்னைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தார்.

2. எனக்குத் தெரியும் என்று சொன்னது

இருபத்தெட்டு வருடம் ஒரு தமிழ் நாளிதழின் திருவனந்தபுரம் அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்தப் பதிப்பு நின்றபோது இந்த டிராவல் ஏஜென்சியின் உரிமையாளர் முருகேசன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, பயணத்திட்டம் எழுதும் வேலை கொடுத்தார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாலைக்கடைத் தெருவில் வியாபாரம் செய்தது. "உமக்கு ஊர் பேரும் தேதியும் தப்பாதுல்லா, அது மதி, போதும்" என்றுதான் வேலைக்கு எடுத்தார்.

எலி முதல் தடவை வந்தபோது தேவையைத் தெளிவாகச் சொன்னார். அவருடைய அப்பா நைரோபியில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். நாற்பத்தொரு வருடத்துக்கு முன் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். ஒவ்வொரு வருடமும் இறந்த நாளில் மகன் ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். லண்டனில் தவறாமல் சொல்லியிருக்கிறார். கல்லறை முன்னால் நின்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதய மருத்துவர் இனி நீண்ட பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்தப் பிரார்த்தனையைத் தனியாகச் சொல்ல முடியாது. வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தால் பேசாமல் கலைய வேண்டியதுதான்.

"நாள் எங்க மாதக் கணக்குல வரும்" என்று விளக்க ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டேன். எங்களுக்கும் திதி உண்டு, சந்திரக் கணக்கு எனக்குப் பழக்கம், மாதமும் நாளும் சொன்னால் போதும் என்றேன். அவருக்கு நிம்மதி. விளக்குவதை நிறுத்திக்கொண்டார். அவரை நிறுத்தியது நான்தான்.

இணையத்தில் தேதியை மாற்றிப் பார்த்தேன். வியாழன் என்று வந்தது. முந்தின மாலையே தொடங்கும் என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. படிக்கவில்லை. முதலில் மாலைப் பிரார்த்தனை, மறுநாள் காலையில் கல்லறை என்று எலி சொல்லியிருந்தார். நான் வியாழன் இரவு ஏழு மணிக்குப் பிரார்த்தனை, வெள்ளி காலை கல்லறை என்று எழுதினேன். பஞ்சாங்கம் பார்க்கும் நமக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. வேறு எங்காவது தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டத்தை அவருக்கு மெயிலும் அனுப்பினேன். ஆனால் சிகிச்சை முடியும்வரை ஃபோன் பார்க்கக் கூடாது என்பது அந்த வைத்தியசாலையின் விதி.

வருத்தம் என்னவென்றால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை இவர்கள் மின்சாரப் பொருளைத் தொடுவதில்லை, வண்டியில் ஏறுவதில்லை. அதனால் கார்டு போட்டுத் திறக்கும் அறை வேண்டாம். இரும்புச் சாவி உள்ள அறை, தரைத்தளத்தில், பிரார்த்தனைக் கூடத்துக்கு நடக்கும் தூரத்தில். சஃபாரி போனால் வெள்ளியன்று சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே திரும்ப வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அங்கே வருடம் முழுவதும் ஆறரையை ஒட்டித்தான் மறையும். அது ஒரு வசதி. சுத்த சைவ ஓட்டல் என்றால் போதும் என்று நினைக்கக் கூடாது. அடுப்பைப் பற்றவைத்தது யார் என்றுகூடக் கேட்பார்கள். வெட்டாத பழம், முத்திரை போட்ட பொட்டலம் எப்போதும் சரி. பொட்டலங்களைத் துணிப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. இந்தியாவுக்குத் திரும்பி வருபவர் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். வயதானவர்களுக்கு மருத்துவர் பார்த்துத்தான் போடுவார். இந்தியா வழியாகவே ஊர் திரும்புவதால் எலியும் ஹன்னாவும் முதல் வாரமே போட்டுக்கொண்டார்கள்.

சாவிவரை யோசித்த நான் கிழமையில் விழுந்தேன்.

3. எட்டும் ஒன்றும்

டிக்கெட் பிரிவில் இருந்த மீனாட்சி மாமி வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். புதன்கிழமைக்கு இடம் இருக்கிறதா என்று எல்லா வழியிலும் தேடினார். துபாய், தோஹா, மஸ்கட், மும்பை. ஒரே ஒரு சீட் இருந்தது.

"இவரைத் தனியா அனுப்பலாமா?" என்று ஹன்னாவிடம் கேட்டேன்.

"நெத்தி மேல கண்ணாடியை வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுறவர். இவரையா?" என்றார் ஹன்னா.

அண்ணாச்சி தன் அறையிலிருந்து வந்து நின்றார். "என்னவே, ஊரான் தப்பெல்லாம் இருபத்தெட்டு வருசம் திருத்தினீரு. சொந்தமா ஒரு நாளை முழுங்கிட்டீரே."

"அவா நாள் சாயங்காலம் பொறக்கறதுன்னா, நாளன்னிக்கு ஆறரை வரைக்கும் பாக்கி இருக்கு, அல்லே?" என்றார் மாமி. "ரெண்டு நாப்பதுக்கு எறங்கறா. சாயரட்சைக்கு முன்னாடி மசானத்துக்குப் போயிட முடியாதா? கேட்டுப் பாருங்கோ சார்."

கேட்டேன். முடியும் என்றார் எலி. பிற்பகலுக்கும் ஒரு பிரார்த்தனை உண்டு. சூரியன் இருக்கும்போது கல்லறையில் பத்துப் பேர் நின்றால் போதும்.

வியாழன் இரவு ஏழு மணிக்கு வருவதாக நைரோபி யூதர்கள் பதினொரு பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் நாலரைக்கு வர முடியுமா என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். நைரோபியில் எங்களுக்காக வண்டி ஓட்டும் முவாங்கியிடம் அதை ஒப்படைத்தேன். புதன் மதியம் அவர் சொன்ன கணக்கு எட்டு. மூன்று பேருக்கு அலுவலகத்தை விட்டு வர முடியவில்லை. எலியைச் சேர்த்தால் ஒன்பது.

"பத்துப் பேர்தானே வேணும் சார்? என் தம்பிங்களே நாலு பேர் இருக்காங்க. எல்லாரும் கோட்டு போட்டுட்டு வருவாங்க. ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவங்க" என்றார் முவாங்கி.

"அவங்க கணக்குல சேர மாட்டாங்க."

"அந்த அம்மா?"

எலியிடம் கேட்டேன். அவர்கள் சபையில் ஹன்னாவும் கணக்கில் சேரமாட்டார். "வேதம் முழுக்க எனக்கு இவதான் சொல்லிக்கொடுத்தா" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு மேலும் குழம்பியது.

மாலையில் முவாங்கி மறுபடி கூப்பிட்டார். நைரோபியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி நைவாஷாவில் ஒரு பூப்பண்ணையில் சொட்டு நீர்ப் பாசனம் பார்க்கும் இஸ்ரேல்காரர் ஒருவர் இருக்கிறார், பெயர் யோவ், முவாங்கியின் பழைய சவாரி. நம்பர் வாங்கி நானே பேசினேன். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன், எதற்கு என்று சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆனது.

"எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது" என்றார் யோவ். "பதிமூணு வயசுக்கப்புறம் பிரார்த்தனைக் கூட வாசலை மிதிச்சதில்லை. காலையில பன்றிக்கறி சாப்பிட்டேன். இதையும் அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிடுங்க."

எலியிடம் அப்படியே சொன்னேன். "பரீட்சை எதுவும் இல்லைன்னு சொல்லுங்க. வந்து நின்னா போதும்" என்றார்.

நம்புகிற ஹன்னா சேரமாட்டார். நம்பாத யோவ் சேருவார். அண்ணாச்சியிடம் சொன்னபோது, "அதைப் புரிஞ்சுக்கவா வே உமக்குச் சம்பளம்? ஆளை வரச் சொல்லும்" என்றார்.

4. வியாழன்

கென்யா நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். விமானம் சரியாக இறங்கியது. அங்கே நாலரைக்கு, இங்கே ஏழு மணிக்கு, முவாங்கியின் செய்தி வந்தது: "ஒன்பது."

யோவ் வரவில்லை. நைவாஷாவிலிருந்து மலையேறி வரும் சாலையில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. அலுவலகம் மூடும் நேரம் தாண்டியும் யாரும் கிளம்பவில்லை. மாமி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே இருந்தார்.

அங்கே ஐந்தேகாலுக்கு, கல்லறைத் தோட்டக் காவலாளி பூட்டப் போவதாகச் சொன்னார். ஹன்னா அவரிடம் போய் ஏதோ பேசினார். அவர் பூட்டைக் கீழே வைத்துவிட்டார் என்று முவாங்கி எழுதினார். ஐந்தரை. ஒன்பதே. எட்டுப் பேரில் ஒருவர் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பி, வாசல்வரை போய் நின்றார். ஐந்து ஐம்பது. யோவ் காரை விட்டுவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள் சவாரியில் லாரியைச் சுற்றி வந்து நகரத்துக்குள் நுழைந்துவிட்டார்.

"சூரியன் எப்போவே மறையும்?" என்றார் அண்ணாச்சி.

"ஆறு முப்பத்தொண்ணு."

ஆறு பதினான்குக்கு ஒரே வார்த்தை வந்தது: "பத்து."

அண்ணாச்சி ஷட்டரை இறக்கும் கம்பியைத் தேடினார்.

5. பிறகு

இந்த வேலையில் என் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் நாள் எப்போது தொடங்குகிறது? யூதர்களிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வழக்கம்போலவே இருக்கிறது என்று தோன்றும் இடத்தில்தான் அதிகம் கேட்க வேண்டும். முற்றிலும் அந்நியமான சாவி விஷயத்தில் நான் தவறவில்லை.

இரண்டு வாரம் கழித்து யோவ் கூப்பிட்டார். தன் அப்பா இறந்த தேதியை அவர்கள் காலண்டரில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். இங்கிலீஷ் தேதி மட்டும்தான் தெரியுமாம். கல்லறையில் எலி அவரிடம், உன் அப்பா நாள் எது என்று கேட்டிருக்கிறார்.

"சூரியன் மறையறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம். நான் பக்கத்துல இல்லை. அக்காதான் இருந்தா."

"அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. ஒரு நாள் மாறிடும்."

"நாங்க பேசி ஒன்பது வருஷமாச்சு."

வேறு வழி உண்டா என்று அவர் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தேதியை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டுக் காலியாக விட்டேன்.

நான்காம் நாள் காலை செய்தி வந்தது. "வெளிச்சம் இருந்ததாம். ஜன்னல் திரையை அக்காதான் இழுத்து மூடினாளாம். ஒரு மணி நேரம் பேசினோம்."

கட்டத்தில் 'முன்' என்று எழுதினேன்.