ஒரே அறைக்கு மந்திரிப்பு

ஜாலான் புசார் தெருவில், ஆணியும் குழாயும் விற்கும் கடைக்கு மேலே நான் வாடகைக்கு எடுத்த ஸ்டூடியோ வீட்டை அப்பா வாசலில் நின்றபடியே முழுவதும் பார்த்து முடித்துவிட்டார். இருந்ததே ஒரே அறைதான். பழைய கடைவீட்டின் மாடியை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். மரநிறத்தில் தரை, மூலையில் மின்னடுப்பு, பகலில் சுவருக்குள் மடித்து வைக்கும் கட்டில். தெருப்பக்கம் பழைய மரச் சன்னல்களை மட்டும் அப்படியே விட்டுப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். குளியலறைக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி.

"சூப்பரா இருக்கு லா," என்றார் அப்பா.

அம்மா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹோட்டல் ஒன்றின் கேக் சமையலறையில் எனக்கு வேலை. விடிவதற்குள் அடுப்பு சூடாக வேண்டும். பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் தாமதமாகிவிடும். இங்கிருந்து நடந்தே போய்விடலாம். காரணம் அதுதான் என்று எத்தனை முறை சொல்லியும் அம்மா நம்பவில்லை. கல்யாணமாகாத மகள், வீட்டில் தனி அறை இருக்கும்போதே வெளியே போகிறாள் என்றால் தன்மேல் ஏதோ வெறுப்பு என்றே நினைத்தார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவரோ மீன் குழம்பை டப்பாவில் ஊற்றி அப்பாவிடம் கொடுத்தனுப்பினாரே தவிர, தான் மறுபடி வரவில்லை.

சில வாரங்கள் கழித்து போன் வந்தது.

"வீடு இன்னும் மந்திரிக்கலையே, அங்க எப்படிம்மா தூங்குற? சனிக்கிழமை ஃபாதர் வர்றாரு. ஜெபக்குழுவுல அஞ்சு பேர் வருவாங்க."

"அம்மா, இங்க அஞ்சு பேர் உட்கார இடமில்ல."

"நிப்பாங்க," என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா தேக்கா சந்தையில் மல்லிகைச் சரமும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். பையிலிருந்து ஒரு நீலப் புடவையை எடுத்து, குளியலறைக் கண்ணாடியின் மேல் டேப் போட்டு ஒட்டினார்.

"ஃபாதர் வர்ற இடத்துல கக்கூஸ் தெரியணுமா?"

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த ஐந்து பேர், அவர்களுடைய கணவன்மார், சிராங்கூனிலிருந்து ஒரு குடும்பம். அறை நிரம்பிப் படிக்கட்டு வரை வரிசை நின்றது. எதிர்வீட்டில் தனியாக இருக்கும் சீனப் பெரியவர் கதவைத் திறந்து, மல்லிகையையும் மெழுகுவத்தியையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, செத்தது யார் என்று தாழ்ந்த குரலில் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோபடி, அங்கிள்! ஹவுஸ் பிளெஸ்ஸிங்!"

"ஆ, குட், குட்!" என்று உள்ளே போனவர், அடுக்கடுக்காகச் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகளோடு திரும்பி வந்தார். அத்தனை முக்காலிகளை எதற்கு வைத்திருக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்ததும் பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் ஓர் ஆண்ட்டி களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் இருந்தது கட்டிலின் கொக்கி. டக்கென்று அது விடுபட, கட்டில் நிதானமாக இறங்க ஆரம்பித்தது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். கட்டிலோடு நான் அவசரத்தில் உள்ளே திணித்து வைத்திருந்த பென்குவின் படம் போட்ட பைஜாமாவும் வந்து விழுந்தது. அம்மா பாய்ந்து அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கட்டில் தரையைத் தொட்டதும் ஆண்ட்டிகள் அதில் வரிசையாக உட்கார்ந்து மீதிப் பாட்டைப் பாடி முடித்தார்கள்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு, "அடுத்து எந்த ரூம்மா?" என்றார்.

"இவ்ளோதான் ஃபாதர்."

அவர் புடவையைக் காட்டினார். "அப்ப அது?"

அம்மா என்னைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் புடவையை விலக்கினார். ஃபாதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், பளபளக்கும் வெள்ளைக் கழிப்பறைக்கு நேராகக் கண்ணாடியின்மேல் தெளித்தார். துளிகள் கோடுகோடாக இறங்கின. முதலில் சிரித்தது அம்மாதான். பைஜாமாவால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஃபாதருக்கும் அடக்க முடியவில்லை.

நான் செய்து வைத்திருந்த பாண்டான் இலை மணக்கும் பச்சைக் கேக் ஆளுக்கு ஒரு கீற்றுதான் வந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் பங்கை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் போனபின் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே கடையில் யாரோ குழாய் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேருந்துகள் முனகிக்கொண்டு போயின. நான் தட்டுகளைக் கழுவிவிட்டுத் திரும்பினால், அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விழித்ததும் சற்று வெட்கத்தோடு சொன்னார்: "பொங்கோல்ல ஒரு சத்தமும் கிடையாது. நீ வேற இங்க வந்துட்டியா, வீடே கம்முனு இருக்கு. தூக்கமே வர்றதில்லம்மா."

என்னிடமிருந்த இரண்டாவது சாவியை அவர் கைப்பையில் போட்டேன்.

இப்போதெல்லாம் தேக்கா சந்தைக்கு வருகிற நாட்களில் அம்மா மீனை என் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கட்டிலைத் தானே இறக்கிப் படுத்துவிடுகிறார். வேலை முடிந்து மத்தியானம் நான் வரும்போது லேசான குறட்டை கேட்கும். எழுப்ப மனம் வராமல் நானும் ஓரமாகச் சாய்வேன்.

"தள்ளிப் படு," என்பார், கண்ணைத் திறக்காமலே.