டிரைவர் வருமா, வருவாரா

ஒன்பதாம் வகுப்புத் தாள்களைத் திருத்தும்போது எனக்கு எரிச்சல் தலைக்கேறும் இடம் ஒன்று உண்டு. ‘ஆசிரியர் வந்தது’ என்று எழுதியிருப்பார்கள். மனிதருக்கு ஒரு முடிவு, மாட்டுக்கும் மேசைக்கும் வேறு முடிவு என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாது. சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, ‘ஆசிரியர் என்ன ஆடா?’ என்று ஓரத்தில் எழுதுவேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை நான். உயர்திணை, அஃறிணை என்று வீட்டிலும் உயிரை வாங்குவதால் என் தம்பி எனக்கு வைத்த பேர் ‘திணை டீச்சர்’.

அவன் ஜப்பானில் வேலை பார்த்தான். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடலூரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுவிடுவான். அம்மா திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பெல்லாம் காதில் விழுகிற ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பா காலமாகி வெகுநாள் ஆகிறது. அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன்.

“அம்மா, எனக்குன்னே ஒரு டிரைவர் சொல்லி வெச்சிருக்கேன். பொங்கலுக்கு வரும். நானே கொண்டாறேன்” என்றான்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “கார் வாங்கிட்டியாடா? சொல்லவேயில்ல?”

“கார்லாம் இல்லம்மா. டிரைவர் மட்டுந்தான்.”

“கார் இல்லாம டிரைவர் எதுக்குடா? சம்பளம் குடுக்கணுமே.”

“சம்பளமும் கெடையாது, சோறும் வேணாம். மூலையில நிக்க வெச்சா நிக்கும்.”

“வாய்லயே போடுவேன். மனுசனப் போயி வரும், நிக்கும்ன்றியே. வருவாருன்னு சொல்லுடா.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “திணை டீச்சர், நீயே சொல்லு. டிரைவர் வருமா, வருவாரா?”

“வருவார். இதுல என்ன சந்தேகம்?” என்றேன், வகுப்புக் குரலில்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கையில் இருந்த போன் ஆடி, அவன் அறையின் கூரையும் ஜன்னலும் திரையில் மாறி மாறித் தெரிந்தன. எதற்கு அப்படிச் சிரிக்கிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அவன் முகத்தை நாங்கள் பார்த்தது அதுதான் கடைசி.

அங்கே அப்போது தொடர்ந்து விடுமுறை. விடுமுறை முடிந்தும் அவன் வேலைக்கு வரவில்லை என்று ஆபீஸிலிருந்து போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் கிளம்பிப் போனார். அங்கிருந்து எனக்கு மட்டும் போன் செய்து, “அத்தைக்குக் காட்டற மாதிரி இல்ல. இங்கயே முடிச்சிட்டு வந்துடறேன்” என்றார். சரி என்றேன்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “பாடி எப்ப வரும்?” ஒருத்தர்கூட ‘எப்போது வருவான்’ என்று தப்பாகக் கேட்கவில்லை. முந்தின வாரம்வரை பொங்கலுக்கு வருவான் என்றிருந்த பிள்ளை ‘வரும்’ ஆகிவிட்டான். இலக்கணப்படி எல்லாம் சரி. அன்றைக்குப் போல எனக்கு இலக்கணத்தின் மேல் ஆத்திரம் வந்ததே இல்லை.

வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு சின்ன ஜாடியில்தான் அவன் வந்தான். தேவனாம்பட்டினம் கடலில் கரைத்தோம். அம்மா கூட வரவில்லை. “மூஞ்சியக் காட்டல. எதோ சாம்பலக் கொண்டாந்து எம்புள்ளன்னா நான் நம்பிடணுமா?” என்றாள். அவள் அழவில்லை. டி.வி.க்கு மேலிருந்த அவன் போட்டோவுக்கு மாலை போடவும் விடவில்லை. போட எழுந்த சித்தப்பாவின் கையிலிருந்து மாலையைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானம் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். மணி அடிக்காது. ஆனாலும் அம்மா தலையாட்டுவாள். “சாப்ட்டியாடா?” என்று அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள். பதிலுக்கு எவ்வளவு நேரம் விடுவாளோ அவ்வளவு நேரம் விட்டு, “செரி செரி” என்பாள். முதல் தடவை பார்த்தபோது நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். அதைவிட, அந்த இடைவெளியில் அவளுக்கு மட்டும் ஏதாவது காதில் விழுகிறதோ என்று பயந்தேன்.

சோறும் இறங்கவில்லை. அவன் போன் வரட்டும், சாப்பிடுகிறேன் என்பாள். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைவரை ஏறிப்போனது. சிதம்பரத்துக்கு வந்து என்னோடு இரு என்றால், “அவன் வந்தா பூட்டின வீட்டப் பாத்துனு நிக்கணுமா?” என்று என்மேலேயே பாய்வாள். தம்பி போனான், அடுத்து அம்மாவையும் கொடுத்துவிடப் போகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தடுக்கத்தான் வழி தெரியவில்லை.

பள்ளிக்கூட இடைவேளையில் ஒருநாள் அம்மாவிடமிருந்து போன். குரலே வேறாக இருந்தது.

“ஏ பொண்ணே, டிரைவர் வராருடி!”

“எந்த டிரைவர்?”

“தம்பியோட டிரைவருடி. கூட்டியாறேன்னான்ல? அந்தத் திட்டக்குடிப் புள்ள போன் பண்ணுச்சு. தம்பியோட டிரைவர் ரெடியாயிட்டாராம், இங்க அனுப்பி வெக்குதாம்.”

திட்டக்குடிப் பிள்ளை என்பது தம்பியோடு ஜப்பானில் வேலை பார்த்த எங்கள் மாவட்டத்துப் பையன். என் வீட்டுக்காரருக்கு அங்கே எல்லா ஒத்தாசையும் செய்தவன். பொய் சொல்ல மாட்டான். என் வீட்டுக்காரர்தான் சாயங்காலம் தாடையைச் சொறிந்துகொண்டு, “அவன் ரயில்லதான போயிட்டு வருவான்னாங்க, டிரைவர் ஏது?” என்றார். “உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்று அவர் வாயை அடைத்தேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அம்மாவின் குரல் திரும்பி வந்திருந்தது. எனக்கு அது போதும்.

அம்மா மாடி அறையைக் கழுவிவிட்டாள். புது பெட்ஷீட் வாங்கினாள். ஜப்பான்காரர் காரம் தாங்குவாரா, மிளகாய் இல்லாமல் சாம்பார் வைத்தால் அது சாம்பாரா, குச்சியால் சாப்பிடுகிறவருக்குக் கடலூரில் குச்சிக்கு எங்கே போவது என்று தினமும் போனில் குடைந்தாள். டிரைவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லிச் சொல்லி ஒப்பித்துப் பார்த்துக்கொண்டாள். வண்டியில் பின்னால் உட்காருவானா, பக்கத்தில் உட்காருவானா? என்ன பேசிக்கொண்டு வருவான்? கடைசியாக எங்கே இறக்கிவிட்டீர்கள்? எல்லாம் முடிந்து, குரலைத் தாழ்த்தி, “நீங்க அவன் மூஞ்சியப் பாத்தீங்களான்னு கேளு. அத மட்டும் நல்லா இங்கிலீஷ்ல கேளு” என்பாள்.

வருகிற சனிக்கிழமை என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டேன். வானம் மூடியிருந்தது. அம்மா பட்டுப்புடவை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். கேட்டின் முன்னால் ஆட்டோ நின்றது. இறங்கியவர் கூரியர்காரர். தோளில் நீளமாக, ஒல்லியாக ஒரு அட்டைப்பெட்டி. அம்மா அவரைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“டிரைவர் எங்கப்பா?”

“நாந்தாம்மா வண்டி ஓட்னு வந்தேன். கையெழுத்துப் போடுங்க” என்றார் அவர்.

அவர் போன பிறகும் அம்மா கேட்டைச் சாத்தவில்லை. நான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்தேன். தம்பி பேர், அதற்குக் கீழே ‘கோல்ஃப் டிரைவர்’ என்று ஆங்கிலத்தில். தம்பி ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. வருவார் என்று அடித்துச் சொன்னவள் நான்தான்.

திட்டக்குடிப் பையனைக் கூப்பிட்டேன். கோல்ஃபில் முதல் அடிக்குப் பிடிக்கிற மட்டை, இருப்பதிலேயே நீளமானது, அதன் பேர்தான் டிரைவர் என்றான். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா” என்று தடுமாறினான். போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

“அம்மா, டிரைவர்ன்றது ஆள் இல்ல. இந்த மட்டைக்குத்தான் அந்தப் பேரு. தம்பி அங்க கோல்ஃப் ஆடுவானாம்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். “மூலையில நிக்க வெச்சா நிக்கும்னானே” என்றாள். பிறகு, “கட்டைகிட்ட நான் என்னத்தடி கேக்கறது?” என்றாள். கேட்டுவிட்டுப் போய், காரமில்லாத சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள்.

கோபத்தில்தான் பெட்டியைக் கிழித்தேன். எடுத்துப் பார்த்தால் மட்டை என் மார்புயரத்துக்கு நின்றது. ஆனாலும் எடையே தெரியவில்லை. அடியில், இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிற உலோகத் தலை. வெளிச்சத்தில் சாய்த்தால் கையால் தேய்த்த கோடுகள் மெல்லிசாகத் தெரிந்தன. குறை கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருக்கிறவள் நான். கைப்பிடியைத் தடவியபோது அகப்பட்டுவிட்டது. மேல்பக்கம் ஓரிடத்தில் பயறு அளவுக்கு ஒரு புடைப்பு. மறுபடியும் போன் போட்டு, இவ்வளவு தூரம் அனுப்புகிறவர்கள் பிடியை ஒழுங்காகச் சுற்றக் கூடாதா என்று அவனிடம் எரிந்து விழுந்தேன்.

“அது பழுதில்லக்கா. விரலுக்காக வெச்சது” என்றான் அவன்.

அது ஒரு சின்னப் பட்டறையாம். செய்கிறவர் தம்பியை ஒரு முழுநாள் பந்து அடிக்கவிட்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இடது கை நழுவுகிறது என்று கண்டுபிடித்து, கையை விரித்துக் காட்டச் சொன்னாராம். பிறகு ஒரு மெழுகு உருண்டையைக் கொடுத்து, மட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடி என்றாராம். அந்தப் பிடியின் அச்சுப்படிதான் இந்தப் புடைப்பு. போட்டிகளில் இதற்கெல்லாம் அனுமதி கிடையாது, உனக்கு மட்டும்தான் ஆகும் என்று அவர் சொன்னதற்குத் தம்பி, நான் எந்தப் போட்டிக்குப் போகப் போகிறேன் என்று சிரித்தானாம்.

“அவன் போயிட்டான்னு சொன்னப்ப மட்ட பாதியில இருந்துச்சுக்கா. வேற எந்தக் கைக்கும் ஆகாதேன்னாரு அவரு. முடிச்சுக் குடுத்துட்டாரு.”

தம்பிக்கு இடது கை மோதிர விரலில் நுனி கிடையாது. சின்ன வயதில், திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் வாசலில் கரும்புச் சாறு மிஷினுக்குள் கையை விட்டுவிட்டான். அம்மா அந்த விரலை முந்தானையில் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவன் மீசை முளைத்த ஆளான பிறகும், ரோட்டைக் கடக்கும்போது அந்தக் கையைத்தான் பிடிப்பாள். பேச்சுவாக்கில் அந்த மொட்டை நுனியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். எதையும் சொல்லவில்லை. “இத ஒரு தடவ புடிம்மா” என்றேன். “எனக்கெதுக்குடி” என்றபடி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். அவள் கட்டை விரல் பழக்கத்தில் மேலும் கீழும் போனது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி தடவியது. அவன் விரல் எங்கே முடியுமோ, அங்கே அந்தப் புடைப்பு ஆரம்பித்தது.

“இது அவன் கை” என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மட்டையை விடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “எம்புள்ள போயிட்டானாடி?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் சேதி வந்தது போலக் கேட்டாள்.

“ஆமாம்மா. போயிட்டான்.”

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். இத்தனை நாளும் உள்ளே அடைத்து வைத்திருந்த அழுகை அது. நானும் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுது முடித்த பிறகு அந்தச் சாம்பாரை ஊற்றி இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்றாள்.

இப்போது போட்டோவில் மாலை தொங்குகிறது. ஞாயிறு மத்தியானம் போன் சும்மா சார்ஜில் கிடக்கிறது. மட்டையைக் கூடத்து மூலையில் சாத்தி வைத்திருக்கிறாள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் நுழையும்போது, மூலையில் யாரோ ஒருத்தர் ரொம்ப நேரமாகப் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறார் என்று முதுகு சொல்கிறது. சத்தமாகப் பேச வருவதில்லை. அந்தப் பக்கம் பார்க்காமல் அடுப்படிக்குப் போக இன்னும் பழகவில்லை.

போன வாரம் கூடத்தைக் கழுவிவிடுவதற்காக மட்டையை எடுத்து வெளியே கம்பி கேட்டில் சாத்தி வைத்தேன். சட்டென்று இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஓடிப்போய் எடுத்து, பழைய மூலையிலேயே நிறுத்திவிட்டு, பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

“மழ வருதுடி, அவன உள்ள கொண்டா!”

‘அத’ என்று திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.

“கொண்டாந்துட்டேம்மா” என்றேன். “உள்ளதான் நிக்கிறான்.”