வெட்டாத வால்கள்

மின்சாரம் போனால் ஜனங்கள் போன் போட்டுத் திட்டும் இடம் எங்கள் ஆபீஸ். அங்கே எங்களோடு போன் எடுக்கும் ஒரு சீனியர் அக்காவுக்கு ‘மியூட் அக்கா’ என்று பெயர். தும்மல் வந்தால்கூட மியூட் பட்டனை அழுத்திவிட்டுத்தான் தும்முவார். டிரான்ஸ்பார்மர் வெடித்து பாதி ஊர் இருண்டுபோன ஒரு நாளில், நாங்களெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் பொங்கி வரும் பாலுக்கு அடுப்பைத் தணிப்பவர் மாதிரி ஒவ்வொருவராகத் தணித்துக்கொண்டிருந்தார். என் வயதுப் பையன்கள் எல்லோரும் அவருக்குத் ‘தம்பி’. நான் மட்டும் ‘இந்தாப்பா’. காரணம் எனக்குத் தெரியும். நான் உட்காரும் நாற்காலி, அவருடைய சொந்தத் தம்பி உட்கார்ந்திருந்தது.

அவன் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பினான். வீட்டுக்குப் போகவில்லை. எங்கேயும் போய்ச் சேரவில்லை. போலீஸ் வந்து அவன் கடைசியாகப் பேசிய அழைப்புகளைக் கேட்டது. ஃபியூஸ், வோல்டேஜ், பில். வேறொன்றும் இல்லை. பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். புது ஐடி வாங்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, சும்மா கிடந்த அவன் ஐடியையே எனக்குக் கொடுத்துவிட்டார்கள். “ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான்” என்பார் அக்கா. அவனைப் பற்றி வேறெதுவும் பேசமாட்டார். அவர் அம்மாவும் அதையே சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி.

பழைய அழைப்புகளின் பதிவுகளெல்லாம் யாரோ ஒரு கம்பெனியின் கிளவுடில் கிடந்தன. ஒப்பந்தம் முடிகிறது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அழித்துவிடுவோம் என்று மெயில் வந்தது. மொத்தத்தையும் இறக்கி வைக்கும் வேலையை அக்காவிடம் தள்ளினார்கள். முணுமுணுக்காமல் செய்வார் என்ற நம்பிக்கைதான்.

முதல் கட்டு இறங்கியதும், சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றை ஸ்பீக்கரில் போட்டார். மீட்டர் சூடாகிறது என்று ஒரு பெரியவர் புலம்பிவிட்டு வைத்தார். எங்கள் பழைய பிளேயரில் அதோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. அடுத்த அழைப்புக்குத் தயார் என்று நாங்கள் திரையில் அழுத்தும்வரை எங்கள் மைக் திறந்தே இருந்திருக்கிறது. அதுவும் பதிவாகியிருக்கிறது. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

“அக்கா, உன் பேனா குடு. என்னுது மறுபடி செத்துப்போச்சு.”

அவர் தம்பியின் குரல். அக்காவின் கண்கள் என் நாற்காலிப் பக்கம் திரும்பின. அதில் உட்கார்ந்திருப்பதே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“இந்த வாலையெல்லாம் வெட்டிட்டு இறக்கும்மா” என்றார் மேனேஜர். “அதுக்குன்னு ஒரு டிக் இருக்கு பாரு. கம்ப்ளைண்ட் தலையில இருக்கு. வால் யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணும் சார்.”

அக்கா ‘வேணும்’ என்று சொல்லி அந்த ஆபீசில் யாரும் கேட்டதில்லை. மேனேஜர் காதைச் சொறிந்தார்.

“எல்லாத்தையும் வாலோட எடுத்தா வெள்ளிக்கிழமைக்குள்ள இறங்காதேம்மா. நாளைக்கு ஷாக் அடிச்ச கேஸ்னு கோர்ட்ல கேட்டா நான் என்னத்தக் குடுப்பேன்?”

“மத்ததெல்லாம் வெட்டிடறேன் சார். ஒரு ஐடி மட்டும் விட்ருங்க.”

அந்த ஐடி இப்போது என்னுடையது. அக்கா என் மேசைக்கு வந்தார்.

“இந்தாப்பா, ஐடி போட்டா தேதி போட விடமாட்டேங்குது. உன்னுதும் சேர்ந்துதான் வரும். வால்ல ஏதாவது அசிங்கமா பேசி வச்சிருக்கியா?”

“இல்லக்கா. கவிதை ஏதாவது சொல்லியிருப்பேன்.”

“அதுக்கு அசிங்கமே தேவலையே” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. அக்காகூடச் சிரித்துவிட்டார்.

கெடுவுக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. அதன்பிறகு மதிய இடைவேளைகளில் அக்கா சாப்பிடுவதை விட்டுவிட்டு, டிரெய்னிங் ரூமில் ஹெட்செட்டோடு உட்கார ஆரம்பித்தார். கண்ணாடி வழியே பார்ப்பேன். சில நேரம் உதடு அசையும். ஒருமுறை யாருமில்லாத எதிர் நாற்காலியைப் பார்த்து, பொறு என்பது போலக் கை காட்டினார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஒரு மதியம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“அவனோட கடைசிக் கால். நீயும் ஒரு தடவை கேளு. எனக்குத்தான் அப்படிக் கேக்குதான்னு தெரியல.”

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். ஃபேன் விட்டுவிட்டுச் சுற்றுகிறது என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வைத்தாள். ஏசி இரைச்சல். பிறகு மெல்லிய குரலில், மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது போல:

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் வெளிய வரியா?”

தள்ளி, அக்காவின் குரல். “லைன்ல ஆள் இருக்காங்கடா. வீட்ல பேசிக்கலாம்.”

நாற்காலி நகர்ந்தது. தயார் பட்டனை அவன் அழுத்தவே இல்லை. மைக் வெகுநேரம் வெறும் அறையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் அக்கா யாரையோ ஆற்றிக்கொண்டிருந்தார். “பதட்டப்படாதீங்க சார். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க.”

நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையாட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

“எனக்கு ஞாபகமே இல்லப்பா” என்றார். “சத்தியமா இல்ல. சொல்லாம போயிட்டான்னு அம்மாவை நம்ப வச்சதே நான்தான். அவங்களுக்கு அவன்மேல கோவம். இன்னிக்கு வரைக்கும் கோவம்.”

பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஷிஃப்ட் பாதிதான் ஆகியிருந்தது.

“அம்மாகிட்ட என்னன்னுக்கா சொல்வீங்க?”

“சொல்ல வந்தான்னு. கோவப்படறதுன்னா என்மேல படட்டும்.”

ஹாலைக் கடக்கும்போது மேனேஜர் பதறி எழுந்தார். “எங்கம்மா கிளம்பிட்ட? மூணு ஏரியாவுல கரண்ட் இல்ல. க்யூல எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாரு!”

“நிக்கட்டும் சார்” என்றார் அக்கா.