குழாய்க்காரர் பேசிய மாலை

தெருவில் யார் வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் குழாய்க்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவர் தெரியவிடவில்லை. முன்பிருந்த ஊரில் சாமியின் பெயரைச் சொல்லித்தான் அவருடைய அண்ணன் கடையைக் கொளுத்தினார்கள். அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பிரார்த்தனை, அதுவும் உதடு அசையாமல்.

நூலகத்து அம்மா நூலக மாடியில் வாரம் ஒரு வகுப்பு நடத்தினார். ஒருவர் தன் வீட்டு வழிபாட்டைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். அங்கே அடைப்பு எடுக்க வந்த குழாய்க்காரரிடம், "நீங்களும் ஒரு நாள் பேசுங்களேன்" என்றார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே என்ற பயத்தில் குழாய்க்காரர் தலையாட்டிவிட்டார்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "இருக்கிற இடம் தெரியாம இருந்தோம். அது பொறுக்கலையா?"

வரமாட்டேன் என்றவள், மனசு கேட்காமல் கூடவே வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

தன் முறை வந்த மாலையில் குழாய்க்காரர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நோன்பைப் பற்றிப் பேசும்போது அதே தெரு ரொட்டிக் கடைக்காரர் எழுந்தார். வாட்டசாட்டமான ஆள். நேராக முன்னால் வந்தார். குழாய்க்காரர் ஓரடி பின்வாங்கினார். அண்ணன் கடை முன்னாலும் முதலில் ஒருவன்தான் வந்து நின்றான்.

"அண்ணே, போன கோடையில எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தீங்க. தண்ணி குடுத்தோம், தொடவே இல்ல. அன்னைக்கு நோன்பா?"

குழாய்க்காரர் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

"சொல்லியிருக்கக் கூடாதா? எங்களப் பிடிக்கலபோலன்னு உங்களத் திரும்பக் கூப்பிடவே பயந்தோம். அப்புறம் ஒழுக ஆரம்பிச்ச குழாயோடதான் இன்னும் குடித்தனம் நடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். குழாய்க்காரர் சிரிக்கவில்லை. "எனக்கும் பயம்தான் தம்பி" என்றவர், கடை எரிந்ததைச் சொன்னார். சிரிப்பு அடங்கிப்போனது. ரொட்டிக் கடைக்காரர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக் குழாயை மாற்றக் குழாய்க்காரர் போனபோது மனைவியும் கூடப் போனாள். அவரைத் தனியாக அனுப்ப அவளுக்கு இன்னும் துணிவில்லை.

அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்காரர் முறை. அத்தனை பெரிய உடம்பும் வியர்த்துக் கொட்டியது. "உங்க வீட்டுல பிள்ளைங்களுக்கும் பிரார்த்தனை சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டது தான்தான் என்று புரிந்தபோது, குழாய்க்காரர் மனைவிக்குப் பகீரென்றது.